உடலுக்குள் ஒளிரும் வெப்பமானி: நம்பிக்கையும் நிதானமும்

காய்ச்சல் கண்ட இரவில் வெப்பமானி காட்டும் எண்ணை நம்பித்தான், மாத்திரை கொடுப்பதா, மருத்துவரை அழைப்பதா என்று முடிவெடுக்கிறோம். ஆயினும் அந்த எண் உடலின் பொதுவான வெப்பநிலையை மட்டுமே கூறும். உள்ளே ஒரு கட்டியின் வெப்பம் எவ்வளவு என்பதை அதனால் கூற இயலாது.

அதை அறிந்தே தீரவேண்டிய சிகிச்சைகள் உள்ளன. சிலவகைப் புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சுடன் வெப்பச் சிகிச்சையும் சேர்த்து அளிக்கப்படுவதுண்டு. கட்டியைச் சுமார் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது, புற்றுநோய் உயிரணுக்கள் கதிர்வீச்சினால் எளிதில் அழிகின்றன. வெப்பம் குறைந்தால் பயன் குறையும். மிகுந்தால் அருகிலுள்ள நல்ல திசு பாதிக்கப்படும். ஆகவே மெல்லிய உணரிகளை உடலுக்குள் செலுத்தி வெப்பநிலையைக் கண்காணிக்கின்றனர். அவை தாம் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே தெரிவிக்கும். செலுத்தும்போது நோயாளிக்கு வலியும் உண்டு.

இந்தக் குறையைப் போக்கக்கூடும் என்று எதிர்பார்க்கப்படுபவை ஒளிரும் நானோ துகள்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். எர்பியம், இட்டெர்பியம் ஆகிய தனிமங்கள் கலந்த நுண்துகள்களின்மீது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், அவை பச்சை ஒளியை உமிழ்கின்றன. அந்தப் பச்சையில் இரண்டு சாயல்கள் உண்டு. வெப்பம் ஏற ஏற ஒன்று மற்றதைவிட வலுப்பெறுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கின்றனர். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட புற்றுநோய் உயிரணுக்களுக்குள் இம்முறையில் 25 முதல் 45 டிகிரி வரை அளக்க இயலும் என்பது 2010ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. 2013இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நானோ வைரத்துகள்களைக் கொண்டு உயிருள்ள மனித உயிரணுவுக்குள் வெப்பநிலையை அளந்தனர்.

இவை மகிழ்ச்சியூட்டும் செய்திகளே. ஆயினும், நுட்பமாக அளக்கும் கருவி என்பதாலேயே அது சரியாக அளக்கும் கருவி ஆகிவிடாது என்பது என் கருத்து. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் துகளுக்கும் கருவிக்கும் இடையே தடை ஏதும் இல்லை. உடலிலோ இரத்தமும் கொழுப்பும் தோலும் குறுக்கே நிற்கின்றன. இரத்தம் பச்சையின் இரு சாயல்களையும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. விகிதம் மாறிவிட்டால், இல்லாத வெப்பம் இருப்பதாகக் கருவி காட்டும். துகளை ஒளிரச் செய்யும் அகச்சிவப்பு ஒளியைத் திசுவிலுள்ள நீர் உறிஞ்சிச் சூடாவதும் உண்டு. அப்போது அளக்க வந்த கருவியே வெப்பத்தைக் கூட்டிவிடுகிறது. இவற்றைத் தவிர்க்க வேறு அலைநீளங்களில் இயங்கும் துகள்களை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர். பயன்படுத்திய துகள்கள் உடலைவிட்டு முழுமையாக வெளியேறுமா என்பதும் உறுதிப்பட வேண்டும்.

சாதாரண வெப்பமானியின் வரலாறும் இந்த நிதானத்தையே கற்பிக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் ஏறத்தாழ 25,000 நோயாளிகளிடம் அளந்து, 1868இல் வெளியிட்ட நூலின் வழியாகவே 37 டிகிரி என்னும் அளவு நிலைபெற்றது. அத்தனை உழைப்பில் பிறந்த எண்ணையும் பின்வந்தோர் மறுபடி சோதித்தனர். வாய்வழி அளவின் சராசரி 36.8 டிகிரி என 1992இல் ஓர் ஆய்வு திருத்தியது.

"உயிருக்குப் போராடுபவரிடம் நிதானம் பேசலாமா?" என்று உறவினர் கேட்பது நியாயமே. காத்திருக்கும் காலம் அவர்களுக்கு எவ்வளவு கொடியது என்பதை மருத்துவமனையில் பணிபுரிவோர் நன்கறிவர். ஆனால் தவறான எண்ணை நம்பித் தரப்படும் வெப்பம் உதவாது, ஊறு விளைவிக்கும். இத்துகள்களை மனித உடலுக்குள் வெப்பமானியாகப் பயன்படுத்துவது இன்னும் வழக்கமான மருத்துவமுறை ஆகவில்லை. இவை அளவுகருவி மட்டுமே, தாமே நோயைத் தீர்க்கும் மருந்தல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எனவே, "நானோ சிகிச்சை" என்ற பெயரில் எவரேனும் பணம் கேட்டால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கூறுங்கள். அது ஆய்வுநிலைச் சிகிச்சையா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். முறையான ஆய்வில் சேர்வதும் சேராதிருப்பதும் சேர்ந்தபின் விலகுவதும் நோயாளியின் உரிமை.

வருங்காலத்தில் ஊசியின்றி உள்வெப்பத்தை அறியும் நாள் வரலாம். வரவேண்டும் என்பதே என் விருப்பமும். அன்றும் ஓர் எண்ணைக் கண்டதும் "இது எவ்வாறு சரிபார்க்கப்பட்டது?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அதற்கு விடையளிப்பது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.