ஒலி தேடும் இளைஞர்க்கு

நம் சங்கத்து இளைஞர் சிலர் இல்லத்திலேயே கணினியில் இசை அமைத்து வருகின்றனர். முழவோசையும் மழையோசையும் வேண்டுவோர்க்கு, பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005-ஆம் ஆண்டு தோன்றிய 'ஃப்ரீசவுண்ட்' என்னும் இணையக் களஞ்சியம் பெருந்துணை. ஆயினும், விலையின்றிக் கிடைப்பன யாவும் விரும்பியவாறு ஆளத்தக்கன அல்ல. ஒவ்வோர் ஒலியின் உரிமத்தையும் நோக்குக. 'சிசி0' எனில் தடையில்லை. 'பிஒய்' எனில் ஒலியைப் பதிந்தவர் பெயரைக் குறிப்பிடல் வேண்டும். 'என்சி' எனில் வாணிகத்திற்கு ஆகாது.

அங்கே கேட்டுப் பார்க்க ஒலிப்பது சுருக்கிய வடிவம்; கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டு மூலக் கோப்பையே பெறுக. எம்பி3-இல் இழந்த நுட்பம் வேவ் வடிவிற்கு மாற்றினும் மீளாது. உரிமக் குறிப்பையும் அன்றே எழுதி வைத்துக்கொள்க. பாட்டு விற்பனைக்கு வரும் நாளில் பிணக்கு நேராது.