இராக்காவலுக்குப் போங்க, துப்பாக்கியை வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க



மயிலாடும்பாறைப் பக்கமிருந்து ஒரு தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஊரில் ஆடு காணாமல் போகிறது, தோட்டத்து மோட்டார் வயரை அறுத்துக்கிட்டுப் போறாங்க. இளவட்டங்கள் சேர்ந்து முறை வெச்சு ராத்திரி ஊரைச் சுத்தி வரலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. அதில் ஒருத்தரிடம் லைசென்ஸ் வாங்கின கைத்துப்பாக்கி இருக்கிறது. “சட்டைக்குள்ள இடுப்புல வெச்சுக்கிட்டு வர்றேன், லைசென்ஸ் இருக்குல்ல, என்ன தப்பு?” என்கிறாராம்.

நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காவலுக்குப் போங்க, நல்ல காரியம். துப்பாக்கி வேண்டாம்.

1959 ஆயுதச் சட்டப்படி கலெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற லைசென்ஸ், உங்க உயிரையும் உடைமையையும் காப்பாத்திக்கத்தான். ஊரைக் காக்கிற அதிகாரம் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. 2016 ஆயுத விதிகள் இன்னொன்றும் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, முழுசா மூடித்தான் எடுத்துப் போகணும். எடுத்து நீட்டவோ சுடவோ கூடாது. இப்போ யோசிங்க. மூடி வெச்சிருந்தா திருடனுக்கு அது இருக்கிறதே தெரியாது, அவன் எதுக்குப் பயப்படப் போறான்? பயமுறுத்த வெளியே எடுத்தா விதியை மீறினது நீங்க. அப்புறம் அது எதுக்குத்தான் இடுப்பில்? மிச்சமிருக்கிறது ஒண்ணுதான், சுடுவதற்கு.

சரி, சுட்டாச்சுன்னே வெச்சுக்குவோம். உடைமையைக் காக்க உயிரை எடுக்கலாம்னு சட்டம் அனுமதிக்கிற இடங்கள் மிகக் குறைவு. கொள்ளை, ராத்திரி வீடு புகுதல், குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைத்தல், தடுக்காவிட்டால் உயிர்போகும் அல்லது கொடுங்காயம் ஆகும் என்று நியாயமாக அஞ்சத்தக்க திருட்டு. ஆட்டைத் தோளில் போட்டுக்கிட்டு ஓடுறவன் முதுகு அந்தக் கணக்கில் வராது. ஆடு போனால் சில ஆயிரம். கொலை வழக்கு வந்தால் காடு, தோட்டம், பிள்ளைங்க படிப்பு எல்லாம் போகும்.

இப்படி ஒரு ராத்திரி அமெரிக்காவில் நிஜமாகவே நடந்திருக்கிறது. புளோரிடா மாநிலம் சான்ஃபோர்ட், 2012 பிப்ரவரி 26. ஜார்ஜ் ஜிம்மர்மன் என்பவர் தன் குடியிருப்பின் காவல் தொண்டர், 28 வயது, லைசென்ஸ் உள்ள கைத்துப்பாக்கி, வெளியே தெரியாமல் வைத்திருந்தார். மழையில் ஒரு கறுப்பினப் பையன் நடந்து போவதைப் பார்த்து, சந்தேகமா இருக்குன்னு போலீசுக்குப் போன் போட்டார். பின்னாடி போகத் தேவையில்லை என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். சில நிமிடத்தில் போலீஸ் வந்துவிட்டது. அதற்குள் டிரேவான் மார்ட்டின் செத்துக் கிடந்தான். 17 வயது. கடையில் மிட்டாயும் குளிர்பானமும் வாங்கிக்கிட்டு, அப்பா தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன். 2013 ஜூலையில் ஜிம்மர்மன் விடுதலையானார். இத்தனைக்கும் அந்த நாட்டுக் காவல் தொண்டர் கையேடே ஆயுதம் எடுத்துப் போகாதே, துரத்தாதே என்றுதான் சொல்கிறது.

இடுப்பில் அது இல்லாவிட்டால் அந்த மனிதர் இருட்டில் தனியாகப் பின்னால் போயிருப்பாரா? எங்களுக்கு அந்தச் சந்தேகம் போகவே மாட்டேங்குது. துப்பாக்கி ஆளுக்கு ஒரு குருட்டுத் தைரியம் கொடுக்கும். போன் போட்டுட்டுக் காத்திருக்க வேண்டியவனை அது நடக்க வைக்கும்.

‘சந்தேகப்படும்படியான ஆள்’ என்ற வார்த்தை நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த காலத்தில் நம் பாட்டன்மார் எத்தனை பேர் ராதாரிச் சீட்டு இல்லாமல் வெளியூர் போக முடியாமல், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்திருக்கிறார்கள்! மலைக்குக் கிழக்கே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதை எதிர்த்து நின்ற 16 உயிர்கள் போனது துப்பாக்கிக் குண்டில்தான். ராத்திரி நடந்தாலே திருடன் என்று ஒரு கூட்டத்தையே பார்த்த கண்ணுக்குப் பலியான மண் இது. அந்தக் கண்ணை நாம் மாட்டிக்கலாமா?

ஏன்னா டார்ச் அடிச்சதும் நம்ம வாயில் வருகிற முதல் கேள்வி என்ன? “யாருப்பா, எந்தத் தெரு?” அந்தக் கேள்விக்குள்ளே என்ன இருக்குன்னு நமக்கும் தெரியும், கேட்கப்படுறவனுக்கும் தெரியும். ஆயுதம் உள்ளவன் அதைக் கேட்டால் அது கேள்வியே இல்லை.

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் என்ன நடந்தது? குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு வந்த 65 வயது அம்மா, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவங்கன்னு வாட்ஸ்அப் வதந்தி. அடித்தே கொன்றுவிட்டார்கள். கூட வந்தவங்களுக்கும் படுகாயம். அங்கே அடிச்சவங்களும் ஊரைக் காப்பாத்துறதாத்தான் நினைச்சாங்க.

“ஜம்முவில் கிராமத்தானுக்கு அரசே துப்பாக்கி கொடுக்குதே?” என்று சிலர் கேட்பீர்கள். கொடுக்கிறது, 1995லிருந்து. அங்கே தீவிரவாதிகள் ஊருக்குள் வந்து சுடுகிறார்கள். வயர் திருடனுக்கு அந்த ஏற்பாடா? நம்ம மாநிலத்தில் வெறுங்கையோடு போன தொண்டர்களே எங்கே போய் நின்றார்கள் பாருங்க. 1993-ல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கியது ‘பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’. 2020-ல் சாத்தான்குளம் கொடுமையில் அவங்களுக்கும் பங்குன்னு புகார் எழுந்து, அந்த ஜூலையிலேயே அரசு தடை போட்டது. அதிகாரம் மாதிரி ஏதோ ஒண்ணு கையில் இருந்தாலே போதும் போல.

ஸ்டேஷன் தூரம், மலையோரத்தில் சிக்னல் கிடைக்காது, போலீஸ் வர நேரமாகும். இது நியாயமான ஆத்திரம், நாங்க மறுக்கலை. ராத்திரி ரோந்து வேணும், தெருவிளக்கு எரியணும், ஸ்டேஷனுக்குப் போதிய ஆள் போடணும். இதைக் கேட்டு மனு கொடுக்க நம் தோழர்கள் கூட வருவார்கள்.

அந்த நண்பருக்கு: தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைச்சுட்டு வர்றீங்கல்ல, அது இல்லாமல் அத்தனை நாளும் இருக்கீங்கல்ல. முறை வர்ற ராத்திரியும் அப்படித்தான். பீரோவில் பூட்டிட்டு, டார்ச்சும் விசிலும் எடுத்துட்டு வாங்க. மூணு பேருக்குக் குறையாமல் போங்க. காவல் போறவங்க பேர்ப் பட்டியலை முன்கூட்டியே ஸ்டேஷனில் கொடுத்துடுங்க. பெரிய குற்றம் கண்ணெதிரே நடந்து ஆளைப் பிடிச்சா அடிக்காதீங்க. ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கணும்னு புதுச் சட்டம் சொல்லுது. சிக்னல் கிடைக்கிற இடம் எதுன்னு பகலிலேயே பார்த்து வெச்சுக்கிட்டு, அங்கிருந்து 100க்குப் போன் போடுங்க.