சின்னத்திரையில"உம்" நடித்தாராம்!

ராதிகாவைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் ஒரே நோட்டைப் பார்த்துத்தான் காப்பி அடிக்கறாங்களோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் மகள். 1978-ல பாரதிராஜாவோட 'கிழக்கே போகும் ரயில்'ல அறிமுகம். 'போக்கிரி ராஜா', 'நல்லவனுக்கு நல்லவன்', 'சிப்பிக்குள் முத்து', 'கேளடி கண்மணி', 'கிழக்குச் சீமையிலே'... இப்படியே ரெண்டு பக்கம் ஓடும். கடைசியில, காய்கறிக்காரர் கொசுறா கருவேப்பிலை போடற மாதிரி ஒரே ஒரு வரி. "பின்னர் சின்னத்திரையிலும் முத்திரை பதித்தார்." முடிஞ்சுது, கடையைச் சாத்தியாச்சு.

அந்த "சின்னத்திரையிலும்"ல இருக்கற "உம்" மேலதான் எனக்குக் கோவம்.

எழுதறவங்க அப்படின்னா, பேசறவங்க இன்னும் மோசம். எங்க அரூர் கச்சேரிமேட்டுல ஒரு டீக்கடையில போய் நின்னு "சீரியல்"னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அஞ்சு நிமிசத்துல ஏழு பேர் சேர்ந்து தீர்ப்பு எழுதிடுவாங்க. "பொம்பளைங்க கெட்டதே இந்த ராதிகாவாலதான் சார்." "சோறு ஆக்கறதில்ல சார், அழுதுக்கிட்டு உக்காந்திருக்காங்க." இதைச் சொல்ற அண்ணன் யாருன்னா, கிரிக்கெட் இருந்தா கடையையே பாதியில விட்டுட்டு ஓடறவரு. நியூஸ் சேனல்ல நாலு பேர் கத்தறதை ஒன்றரை மணி நேரம் வாயைப் பொளந்து பார்க்கறவரு. அது பொது அறிவு. இது மட்டும் அழுவாச்சி. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

1999 கடைசியில 'சித்தி' சன் டிவியில ஆரம்பிச்சப்போ ராதிகாவுக்கு வயசு 37. அந்த வயசுல தமிழ் சினிமா ஒரு நடிகைக்கு என்ன வச்சிருந்துச்சு? அம்மா, அண்ணி, அக்கா. 'கிழக்குச் சீமையிலே' வந்தது 1993. அதுல விருமாயி, வளர்ந்த பிள்ளைக்குத் தாய். நடிச்சவங்களுக்கு அப்போ 31. அசுரத்தனமான நடிப்பு, அதை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா கணக்கைப் பாருங்க. 1982-ல 'மூன்று முகம்', 1987-ல 'ஊர்க்காவலன்'னு ரஜினியோட ஜோடியா நடிச்சவங்க இவங்க. 1999-ல ரஜினிக்கு 48 வயசு, 'படையப்பா'ல கதாநாயகன். அவரை விடப் பதினோரு வயசு சின்னவங்களான ராதிகாவுக்கு அந்த வருசம் சினிமாவுல கதாநாயகி நாற்காலி கிடையாது. யாரும் கேள்வி கேட்கல. இயற்கை விதி மாதிரி எடுத்துக்கிட்டாங்க.

அந்தம்மா நாற்காலிக்கு மனு போட்டுக்கிட்டு நிக்கல. தானே ஒரு கடை போட்டுட்டாங்க. ராடான் மீடியாவொர்க்ஸ். பங்குச்சந்தையில பட்டியல் ஆன கம்பெனி. அதுக்கு நிர்வாக இயக்குநர், அதோட தொடர்களுக்குக் கதாநாயகி, ரெண்டும் ஒரே ஆள். சீரியல் தொழில் எப்படின்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அந்தக் காலத்துல சன் டிவியில நேரத்தைத் தயாரிப்பாளர்தான் காசு கட்டி வாங்கணும். விளம்பரத்தையும் அவரே புடிச்சு விக்கணும். ஜனம் பார்க்கலைன்னா நஷ்டம் தயாரிப்பாளர் தலையில. வாரத்துக்கு அஞ்சு நாள் எபிசோடு கொடுத்தே ஆகணும். நடிகைக்குக் காய்ச்சல்னு லீவு விடலாம், முதலாளிக்கு? ரெண்டும் ஒரே ஆள்னா யாரு யாருகிட்ட லீவு கேக்கறது? :-)

'சித்தி' (1999-2001), 'அண்ணாமலை' (2002-2005), 'செல்வி' (2005-06), 'அரசி' (2007-09), 'செல்லமே' (2009-13), 'வாணி ராணி' (2013-18). ஏறக்குறைய இருபது வருசம், அங்கங்க சின்னச் சின்ன இடைவெளி தவிர, தமிழ்நாட்டு வீடுகள்ல ராத்திரி நேரம் அவங்க கையில இருந்துச்சு. 'வாணி ராணி' மட்டும் 1,700 எபிசோடுக்கு மேல. ரெட்டை வேஷம் வேற, ஒருத்தி வக்கீல், ஒருத்தி குடும்பத் தலைவி. எந்த ஹீரோவாவது இப்படித் தினம் ஜனத்து முன்னாடி வந்து நின்னு, மறுநாளும் வரவேற்பு வாங்கிக் காட்டட்டும், நான் ஒத்துக்கறேன். வருசத்துக்கு ஒரு படம் குடுத்துட்டு "ரசிகர்களே என் உயிர்"ன்னு பேசறது சுலபம்ங்க.

இப்போ 'சித்தி'ங்கற பேரையே எடுத்துக்கங்க. நம்ம கதைகள்லயும் பழைய சினிமாவுலயும் சித்தின்னா யாரு? சோறு போடாம, சூடு போட்டு, புருசன் வந்ததும் சிரிச்சுப் பேசறவ. மூத்த தாரத்துப் பிள்ளையைக் கொடுமைப்படுத்தறவ. அந்தப் பேரையே தலைப்பா வச்சு, ரெண்டாம் தாரமா வந்த சாரதா அந்தப் பொண்ணுக்கு அம்மாவா நிக்கறதை ரெண்டு வருசம் தினம் காட்டினாங்க. சி.ஜே.பாஸ்கர் இயக்கம், தினா இசை, நித்யஸ்ரீ மகாதேவன் பாடின டைட்டில் பாட்டு. அந்தப் பாட்டு தெருவுல எந்த வீட்டுல ஆரம்பிச்சாலும், மத்த வீட்டுலயும் சத்தத்தைக் கூட்டுவாங்க.

எங்க தெருவுல ஒரு அக்கா இருந்தாங்க, தீர்த்தமலைப் பக்கத்துல இருந்து ரெண்டாம் தாரமா வந்தவங்க. அந்த வீட்டுப் பொண்ணு கீழ விழுந்து முட்டியில சிராய்ப்பு ஆனாக்கூட, அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பார்ப்பாங்க. "என்ன இருந்தாலும் பெத்தவளா?"ன்னு காதுபடவே சொல்லுவாங்க. அவங்க வீட்டுல டிவி கிடையாது. எங்க வீட்டு வாசப்படியில உக்காந்து 'சித்தி' பார்ப்பாங்க, மடியில அந்தப் பொண்ணு. ஒருநாள் எங்கம்மா சும்மா கேட்டாங்க, "ஏன்டி, இதுல என்னத்த கண்ட?"ன்னு. "என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஒருத்தியாவது இருக்காளேக்கா"ன்னாங்க. அழுவாச்சி சீரியலுக்கு இதுக்கு மேல என்ன விமர்சனம் வேணும்?

இன்னொண்ணும் சொல்லணும், நம்ம ஜில்லா பேர் எதுக்குக் கெட்டுப்போயிருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பொண்ணு பொறந்தா கள்ளிப்பால். 1992-ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல தருமபுரிக்கும் கொண்டு வந்தாங்க, அதாவது 'சித்தி' ஓடி முடிஞ்ச அதே வருசம். சீரியல் பார்த்து கள்ளிப்பால் நின்னுச்சுன்னு நான் கதை விடப்போறதில்ல. ஆனா பொண்ணு பொறந்த வீட்டுல துக்கம் விசாரிக்கற ஊர்ல, யாரோ பெத்த பொண்ணுக்காக ஒருத்தி ஊரையே எதிர்த்து நிக்கற கதை தினம் ராத்திரி வீட்டுக்குள்ள வந்துச்சு. அதை "பொம்பளைங்களைக் கெடுத்துச்சு"ன்னு சொல்றதுக்கு ஒரு நெஞ்சழுத்தம் வேணும்.

ஆராய்ச்சியே இருக்குங்க. ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர்னு ரெண்டு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள். பீகார், கோவா, அரியானா, டெல்லி, நம்ம தமிழ்நாடு, இந்த அஞ்சு இடத்துலயும் 2001-ல இருந்து 2003 வரைக்கும் எடுத்த தகவலை வச்சு 2009-ல எழுதினாங்க. கேபிள் டிவி வந்த கிராமங்கள்ல, புருசன் அடிக்கறது சரின்னு சொல்ற பொம்பளைங்க குறைஞ்சாங்க, ஆம்பளைப் பிள்ளைதான் வேணும்ங்கற ஆசையும் குறைஞ்சுதுங்கறதுதான் அவங்க முடிவு. அந்தக் கணக்கை வேற ஆய்வாளர்கள் பின்னாடி கேள்வி கேட்டிருக்காங்க, அதையும் மறைக்கல. கேள்வி கேக்கட்டும். ஆனா கச்சேரிமேட்டுத் தீர்ப்புக்கு அந்த அளவு ஆதாரம்கூட கிடையாதே!

அதுக்காக நான் சீரியலுக்குக் கொடி பிடிக்கறேன்னு நினைச்சுக்காதீங்க. கதவைத் திறக்க மூணு நாள், திரும்பிப் பார்க்க ஒரு வாரம், ஒவ்வொரு மூஞ்சிக்கும் மூணு தடவை "டொய்ங்". விஷம் வைக்கற நாத்தனார், ஆள் வச்சு அடிக்கற மாமியார்... இதெல்லாம் ராதிகா தொடர்லயும் உண்டு. 'சித்தி'யில இருந்த அடக்கம் 'அரசி'யில இல்ல. விளம்பரம் வந்துச்சுன்னா கதையை இழு, வரலைன்னா முடி, இதுதான் தொழில் தர்மமா இருந்துச்சு. திட்டுங்க, நானும் கூட வர்றேன். ஆனா பார்த்துட்டுத் திட்டுங்க. சினிமாவுல நூறு ரவுடியை ஒத்தை ஆள் அடிக்கறதை "மாஸ்"ங்கறீங்க. ஒரு பொம்பளை தன்னை ஏமாத்தினவனை நானூறு எபிசோடு துரத்தினா மட்டும் லாஜிக் கேக்கறீங்க.

அங்கீகாரம்னு பார்த்தா அது இன்னொரு கூத்து. 'மீண்டும் ஒரு காதல் கதை'யை பிரதாப் போத்தன் இயக்கினார், ராதிகா தயாரிச்சாங்க, முதல் படத்துக்கான தேசிய விருது கிடைச்சுது. தேசியத் திரைப்பட விருதுல சீரியல்ங்கற பேச்சே கிடையாது, அது சினிமாக்காரங்க வீட்டு விசேஷம். மாநில அரசு சின்னத்திரை விருதுன்னு ஒண்ணு வச்சிருக்கு. 2009-ல இருந்து 2013 வரைக்குமான விருதுகளை 2017-ல அறிவிச்சு, 2022 செப்டம்பர்லதான் மேடை ஏத்திக் கையில குடுத்தாங்க. (சினிமா விருதுக்கும் அதே கதிதான், அது ஒரு ஆறுதல்!) ஆஸ்திரேலியாவுல 'நெய்பர்ஸ்'னு 1985-ல ஒரு தொடர் ஆரம்பிச்சுது. அதுல நடிச்ச கைலி மினோக்குக்கு 1988-ல அந்த நாட்டு டிவியோட பெரிய விருதான தங்க லோகியைக் குடுத்தாங்க. தினசரித் தொடர்ல வந்தவங்கன்னு யாரும் முகம் சுளிக்கல. நம்ம ஆளுங்களுக்கு மட்டும் தியேட்டர் திரையில வந்தாத்தான் நடிகை.

2024-ல ராதிகா விருதுநகர்ல பா.ஜ.க. சார்பா நின்னு தோத்தாங்க. அந்த அரசியல் வேற பஞ்சாயத்து, இங்க வேண்டாம். ஆனா அப்பவும் அறிமுகம் என்னன்னா எம்.ஆர்.ராதா மகள், சரத்குமார் மனைவி. எம்.ஆர்.ராதா 1979-ல, இவங்க முதல் படம் வந்து அடுத்த வருசமே போயிட்டார். மிச்சம் நாற்பத்தஞ்சு வருசம் உழைச்சது இந்தம்மாங்க.

அதனால எழுதறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கட்டுரையை 'சித்தி'யில ஆரம்பிங்க. ராடான்ல எத்தனை பேர் வேலை பார்த்தாங்க, அந்த நேரத்தை எப்படி வாங்கினாங்க, ஒரு நாளைக்கு எத்தனை சீன் எடுத்தாங்கன்னு கேட்டு எழுதுங்க. அந்த யூனிட்ல இருந்தவங்க இன்னும் இருக்காங்க, இப்பவே கேட்டாத்தான் உண்டு. 'கிழக்கே போகும் ரயில்' வேணும்னா கடைசியில வரட்டும்: "முன்னர் சினிமாவிலும் நடித்தார்."

டிஸ்கி: 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தேவயானி 2003-ல இருந்து 2009 வரைக்கும் 1,533 எபிசோடு அபியா நடிச்சிருக்காங்க. அதுக்குத் தனியாத்தான் எழுதணும். எங்க அத்தை ஏற்கனவே கேட்டுட்டாங்க, "ராதிகாவுக்கு மட்டும் எழுதறியே, அபி என்ன பாவம் பண்ணா?"ன்னு.