கம்பியில் குற்றம் இல்லை



உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ கணினிகளைக் கம்பியால் இணைத்திருப்பீர்கள். விளக்குகள் எரிகின்றன, சிறு தகவல்கள் தடையின்றிச் செல்கின்றன. பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் ஆமை வேகம். பழுது பார்க்க வருபவரோ புதிய கம்பி போடச் சொல்கிறார். பணத்தைக் கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

ஈதர்நெட் என்னும் இந்த இணைப்பு முறை 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பாரின் சிந்தையில் உதித்தது. (ஒளியைச் சுமந்து செல்ல ஈதர் என்றொரு பொருள் எங்கும் நிறைந்திருப்பதாக முற்கால அறிஞர் நம்பினர். நம்பிக்கை பொய்த்தது; பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது!) தொடக்கத்தில் பல கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு கணினிகள் ஒருசேரப் பேசிவிட்டால், இரண்டும் நிறுத்திச் சிறிது பொறுத்து மீண்டும் தொடங்கும். இதனை ‘ஹாஃப் டூப்ளெக்ஸ்’ என்பர். ஒரே வேளையில் பேசவும் கேட்கவும் இயலும் ‘ஃபுல் டூப்ளெக்ஸ்’ பிற்பாடு வந்தது.

1990-களில் சிஸ்கோ நிறுவனத்தின் 7200 வரிசை ரௌட்டர்கள் பெரிய நிறுவனங்களில் புகழ் பெற்றிருந்தன. அவற்றில் ‘போர்ட் அடாப்டர்’ எனும் அட்டைகளைச் செருகலாம். தேவை மாறினால் பெட்டியை மாற்ற வேண்டாம், அட்டையை மாற்றினால் போதும். அதுவும் மின்சாரத்தை நிறுத்தாமலே! அருமையான ஏற்பாடுதான். எனினும் 100 மெகாபிட் வேகமுடைய அதன் ஈதர்நெட் அட்டை ஒன்றுக்கு, எதிர்முனையுடன் தானாகக் கலந்து முடிவுசெய்யும் ஆற்றல் இல்லை. நிர்வாகியே அதற்குக் கட்டளை எழுத வேண்டும்.

சிக்கல் இங்கேதான். அட்டையை ஃபுல் டூப்ளெக்ஸில் நிறுத்திவிட்டு, எதிர்முனையைத் ‘தானியங்கி’ நிலையில் விட்டுவிடுவார்கள். அம்முனை வேகத்தை அறிந்துகொள்ளும்; மற்றதை அறிய வழியில்லாததால், விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸை ஏற்கும். ஒன்று ஓயாமல் பேச, மற்றொன்று அதனை மோதலெனக் கருதிப் பாதியில் நிறுத்திவிடும். போக்குவரத்து குறைவாயிருக்கும்வரை எவருக்கும் தெரியாது.

1999-இல் செம்புக் கம்பிக்கு வந்த கிகாபிட் விதி, தானாகக் கலந்து முடிவுசெய்வதைக் கட்டாயமாக்கியது. ஆயினும் 100 மெகாபிட் கருவிகளில், சிறியவற்றிலும்கூட, ஒரு முனையைக் கையால் நிலைநிறுத்தினால் இதே தொல்லை இன்றும் நேரும்.

ஆகவே வருபவரிடம் இரு முனைகளின் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு முனையில் ‘லேட் கொலிஷன்’ எண்ணிக்கையும், மறுமுனையில் ‘சிஆர்சி’ பிழையும் ஏறிக்கொண்டிருந்தால், முதலில் இரு முனைகளின் அமைப்பையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். கம்பியைப் பிறகு பார்க்கலாம்.