ஹோப்டவுன் நாவிதர்

பகலில் ஊரறிந்த தொழிலாளி, இரவில் யாரும் அறியாத கள்வன். இந்த இரட்டைப் பாத்திரம், வேடமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டுகள் இவை. இந்த வகைக்கு வழிவகுத்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அதை உருவாக்கினார்கள். போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என மூன்று வகைப் பாத்திரங்களே அப்போது இருந்தன. அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில் திருடன் சேர்ந்துகொண்டான். 1979இல் வந்த நடத்துநர் கையேடு, பாத்திரங்களுக்கு ஒரு பக்கத் தொழிலையும் வைத்தது. பகடையில் விழும் எண்ணைப் பொறுத்து ஒருவன் தையல்காரனாகவோ, தச்சனாகவோ, நகை வேலை செய்பவனாகவோ, தோல் பதனிடுபவனாகவோ அமைவான். 2014ஆம் ஆண்டின் பதிப்பில் ஆட்டக்காரர் தன் கள்வனுக்குக் கைவினைஞர் சங்க உறுப்பினன் என்ற பின்னணியைத் தானே தேர்ந்துகொள்ளலாம்.

அப்படிப்பட்ட கள்வனுக்குத் தொழில் மூன்று வகையில் உதவுகிறது. முதலாவது கருவி. பூட்டுத் தொழிலாளியின் பையில் கம்பி இருந்தால் காவலன் கேள்வி கேட்பதில்லை. இரண்டாவது நடமாட்டம். வேலைக்காக வருகிறவனுக்குப் பெரிய வீட்டின் பின்வாசலும் திறக்கும். மூன்றாவது நம்பிக்கை. நாள்தோறும் கண்ணில் படுகிற முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. விளையாட்டுக்காக யோசித்த கணக்குதான் என்றாலும், இதை மனிதர்கள் அறிந்துகொண்டது இருபதாம் நூற்றாண்டில் அன்று.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் ஒற்றர்களை வகைப்படுத்தும்போது, பிழைப்புக் கெட்ட உழவரையும் நொடித்துப்போன வணிகரையும் தனித்தனி வகையாகவே சொல்கிறது. அரசு அவர்களுக்கு நிலமோ முதலோ கொடுத்து மறுபடி தொழிலில் அமர்த்தும். அந்தத் தொழிலின் மறைவில் வேவு நடக்கும். திருக்குறளும் ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கி, வேடத்தின் பயனைப் பேசுகிறது. இவர்கள் அரசுக்காக வேடம் போட்டவர்கள். தனக்காகவே வேடம் போட்ட தொழிலாளி தமிழில் ஒருவர் உண்டு. சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லர்தான் அவர். நூறு பொற்கொல்லர்கள் பின்தொடர மதுரை வீதியில் நடந்துவரும் அரண்மனைத் தட்டாரை, சிலம்பு விற்க வந்த கோவலன் மதிப்போடு அணுகுகிறான். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவரே அவர்தான் என்பது வாசகருக்கு மட்டும் தெரியும். அந்தப் பழியை அவர் கோவலன் மேல் சுமத்த, பிடிக்க வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்து, திருடனின் முகக்குறி இவனிடம் இல்லை என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லர் களவு நூலையே விரித்துரைக்கிறார். மந்திரம், மருந்து, தந்திரம் முதலாகக் கள்வர்க்குத் துணையாகும் எட்டு வழிகளை அவர் அடுக்குகிற அடுக்கில், திருட்டு பற்றி இந்த மனிதருக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரண்மனை வேலைக்காரர் என்ற பெயர் அந்தக் கேள்வியை எழவிடாமல் செய்துவிட்டது.

காப்பியத்துக்கு வெளியே, ஆவணங்களில் பதிவான ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் இதே கணக்கு இன்னும் கடுமையாக நிறைவேறியது. இடம் அந்தமான், ஆண்டு 1872, தொழில் சவரம்.

1857 எழுச்சி ஒடுக்கப்பட்ட கையோடு, 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளுடன் அந்தமானில் வந்து இறங்கினார். ராஸ் தீவு நிர்வாகத் தலைமையிடமாயிற்று. சாத்தம், வைப்பர் தீவுகளிலும் துறைமுகத்தின் கரையோரங்களிலும் கைதிக் குடியிருப்புகள் பரவின. இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே பூட்டிவைத்த அறைகளைவிடத் திறந்த முகாம்களே அதிகம். சுற்றிலும் கடல், காட்டுக்குள் போனால் பழங்குடியினரின் அம்பு. சுவர் இல்லாமலே அது சிறையாக இருந்தது.

அந்தக் குடியேற்றத்தில் எல்லா வேலையும் கைதிகளின் வேலைதான். காட்டை வெட்டியவர்கள், மரம் அறுத்தவர்கள், படகு வலித்தவர்கள், அதிகாரிகளின் வீட்டில் சமைத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள் எல்லாரும் தண்டனை பெற்றவர்கள். ஆங்கிலேயருக்கு எதிரான வஹாபி இயக்கம் தொடர்பான வழக்கில் நாடுகடத்தப்பட்ட முகமது ஜாஃபர் தானேசரி, எழுத்தராக இருந்து ஆங்கில அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுத்தார். 1883இல் விடுதலையான பிறகு உருதுவில் அவர் எழுதிய நினைவுக் குறிப்பு 'காலாபானி' என்ற பெயரால் அறியப்படுகிறது.

ஆரம்ப ஆண்டுகளின் விலங்கையும் கூட்டு வேலையையும் ஒழுங்காகக் கடந்தவருக்குப் படிப்படியாகச் சலுகைகள் கிடைத்தன. அவற்றில் பெரியது 'டிக்கெட் ஆஃப் லீவ்'. அதைப் பெற்றவர் முகாமை விட்டு வெளியே குடியிருந்து, ஒரு தொழில் செய்து, தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொள்ளலாம். சிலர் உழவரானார்கள், சிலர் கடை வைத்தார்கள், சிலர் பெண் கைதிகளை மணந்து குடும்பமானார்கள். தொழிலில் நிலைத்தவர் திருந்தியவர் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை நம்பிக்கை. பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. அவர்களில் பலருடைய வழித்தோன்றல்கள் இன்றும் 'லோக்கல் பார்ன்' என்ற பெயரோடு அந்தத் தீவுகளில் வாழ்கிறார்கள்.

ஷேர் அலி அஃப்ரீதி, கைபர் கணவாய்ப் பக்கத்து மலைநாட்டுப் பட்டாணியர். ஆங்கிலேயர் படையில் குதிரைவீரராக இருந்தவர். பெஷாவர் ஆணையரிடம் ஏவலராகவும் பணியாற்றி நற்பெயர் பெற்றவர். குடும்பப் பகை ஒன்றில் தன் உறவினரைப் பெஷாவரில் கொன்றார் என்று 1867 ஏப்ரல் 2 அன்று அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட, அவர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். தலைமுறைப் பகையைத் தீர்ப்பது அவருடைய மலைநாட்டு வழக்கப்படி குற்றமில்லை. தான் உழைத்த அரசே தன்னைத் தண்டித்தது என்ற கொதிப்பு அவரிடம் தங்கிவிட்டது. உயர்ந்த பதவியில் உள்ள ஓர் ஐரோப்பியரையாவது கொல்வது என்று அப்போதே முடிவு செய்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

தீவில் இந்த எண்ணம் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் நடத்தையில் குறை இல்லை. எனவே துறைமுகத்தின் வடகரையில், ஹாரியட் மலையின் அடிவாரத்தில் இருந்த ஹோப்டவுனில், டிக்கெட் பெற்ற கைதிகளுக்கு நாவிதராக இருக்க அனுமதி கிடைத்தது. சவரம் என்பது மற்ற எந்தத் தொழிலையும்விட நம்பிக்கையை வேண்டுவது. வருகிறவர் கண்ணை மூடித் தாடையை உயர்த்துவார். தீட்டிய கத்தி அவர் கழுத்து நரம்பின் மேல் நகரும். கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர் கையில் அந்தக் கத்தியைக் கொடுக்க நிர்வாகம் தயங்கவில்லை. கழுத்தை நீட்டச் சக கைதிகளும் தயங்கவில்லை. ஷேர் அலியும் அந்த நம்பிக்கையைத் தொழிலில் கெடுக்கவில்லை. அவரை வெறும் வேடதாரி என்று சொல்லிவிட முடியாதபடி செய்வது இதுதான். அவர் உண்மையாகவே நல்ல நாவிதராக இருந்தார். உண்மையாகவே காத்துக்கொண்டும் இருந்தார்.

அன்றைய வைஸ்ராய் மேயோ பிரபு, அந்தமான் குடியேற்றத்தின் ஒழுங்கைச் சீர்செய்ய விரும்பியவர். அதற்காகவே டொனால்டு ஸ்டூவர்ட்டைக் கண்காணிப்பாளராக நியமித்திருந்தார். சீர்திருத்தம் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க 1872 பிப்ரவரி 8 காலை 'கிளாஸ்கோ' கப்பலில் போர்ட் பிளேர் வந்தார். மரியாதைக் குண்டுகள் முழங்கின. அந்தச் சத்தத்தை ஹோப்டவுனில் கேட்ட ஷேர் அலி, கத்தி ஒன்றைத் தீட்டிவைத்துக்கொண்டார். அது தொழிற்கத்தி இல்லை, சாதாரண சமையல் கத்தி.

பகல் முழுவதும் வைஸ்ராய் ராஸ், வைப்பர், சாத்தம் தீவுகளைச் சுற்றிப் பார்த்தார். ஆபத்தான கைதிகள் இருந்த இடங்களில் பாதுகாப்பு இறுக்கமாக இருந்தது. தண்ணீரைக் கடந்து அங்கே போக நாவிதருக்கு வழியில்லை. மாலையில் வேலைகள் முடிந்தபோது இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ஹாரியட் மலையில் நோயாளிகளுக்கான ஓய்வில்லம் அமைக்கலாமா என்ற யோசனை இருந்ததால், அங்கே ஏறிப் பார்த்துவிடலாம் என்றார் மேயோ. மலைக்குப் போகும் படகுத்துறை ஹோப்டவுன்தான். ஷேர் அலி தேடிப்போக முடியாத ஆள், அவர் குடியிருந்த கரைக்கே வந்து இறங்கினார்.

ஏறும்போது ஷேர் அலி மரங்களின் மறைவில் கூடவே போனார், வாய்ப்பு அமையவில்லை. உச்சியிலும் அமையவில்லை. சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வைஸ்ராயின் குழு இறங்கியபோது மணி ஏழு, நன்றாக இருட்டிவிட்டது. தீப்பந்தங்களின் வெளிச்சத்தில் படகுத்துறையில் நடந்தார்கள். ஏதோ உத்தரவு கொடுக்க ஸ்டூவர்ட் ஒரு பக்கம் விலகினார். மேயோ படகில் ஏறப் படியை நோக்கி முன்னே அடி வைத்தார். அந்த ஒரு கண இடைவெளியில் ஷேர் அலி காவலர்களுக்கு நடுவே பாய்ந்து முதுகில் இரண்டு முறை குத்தினார். பந்தங்கள் அணைந்தன. ஒரு டஜன் பேர் ஷேர் அலி மேல் விழுந்தார்கள். அங்கேயே அடித்துக் கொன்றுவிடாமல் ஓர் ஆங்கில அதிகாரி தடுத்தார். ஆழமில்லாத நீரில் விழுந்த மேயோ எழுந்து நின்றார். ஆனால் கப்பலை அடையும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது. அவருடைய மனைவி கப்பலில் காத்திருந்தார். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் மேயோதான்.

விசாரணையில் ஷேர் அலி எதையும் மறைக்கவில்லை. இறைவன் ஆணையிட்டான், இறைவனே என் கூட்டாளி என்றார். மேயோ கொல்லப்படுவதற்குச் சுமார் ஐந்து மாதங்களுக்கு முன்புதான் கல்கத்தாவில் பொறுப்புத் தலைமை நீதிபதி நார்மன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். அதனால் வஹாபிகளின் சதி என்ற சந்தேகம் வலுவாக எழுந்தது. தொடர்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஸ்டூவர்ட் விதித்த மரண தண்டனையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1872 மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் ஷேர் அலி தூக்கிலிடப்பட்டார். மேயோவின் வரலாற்றை எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஹன்ட்டர், கொன்றவரின் பெயருக்குத் தன் நூலில் இடம் தர மறுத்தார். ஆயினும் விலங்கோடு உட்கார்ந்திருக்கும் ஷேர் அலியின் புகைப்படமும் பெயரும் நிலைத்துவிட்டன. விடுதலைப் போராட்டத்தின் முன்னோடி என்று அவரைப் போற்றுகிறவர்கள் உண்டு. சொந்தப் பகையின் தொடர்ச்சியாக மட்டுமே அந்தக் கொலையைப் பார்ப்பவர்களும் உண்டு.

விளையாட்டின் மூன்று கணக்குகளை இந்த வழக்கோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். கருவி என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. சவரக்கத்தியைக் கையில் வைத்திருந்தவர், கொலைக்குச் சமையல் கத்தியை எடுத்தார். நடமாட்டமும் நம்பிக்கையும் முழுமையாகச் செல்லுபடியாயின. கூட்டு வேலையில் இருந்த கைதியாக இருந்திருந்தால், மாலை நேரத்தில் மலைப்பாதையில் தனியாகப் போக அவரால் முடிந்திருக்காது. தொழில் அவருக்கு ஆயுதம் தரவில்லை. கண்காணிப்பில்லாத ஒரு மாலைப்பொழுதைத் தந்தது.

இன்னொன்றில் வழக்கு விளையாட்டிலிருந்து விலகுகிறது. ஆட்டக்காரர் தன் கள்வனுக்குத் தொழிலை மறைப்பாகத் தேர்ந்தெடுக்கிறார். ஷேர் அலிக்குத் தொழிலை அரசு கொடுத்தது, அதுவும் நன்னடத்தைக்குப் பரிசாக. நிர்வாகத்தால் அளக்க முடிந்தது நடத்தையை மட்டுமே. வேலைக்கு நேரத்தில் வருகிறாரா, சண்டை போடுகிறாரா, சொன்னதைக் கேட்கிறாரா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதலாம். தனக்கு அநீதி நேர்ந்தது என்று ஒருவர் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் நினைப்புக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. அதைக் கேட்டறியவும் அங்கே ஆள் இல்லை.

இதிலிருந்து, தொழில் கொடுத்துத் திருத்துவது வீண் என்று முடிவு கட்டுவது பெரும் தவறு. அதே டிக்கெட்டை வாங்கிய ஆயிரக்கணக்கானோர் நிலம் திருத்தி, பிள்ளை பெற்று, ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். ஒரு நாவிதரின் கொலையால் அவர்களின் உழைப்பு பொய்யாகிவிடாது. ஒழுங்கான வேலை ஒருவரின் நேரத்தை நிரப்பும், வயிற்றை நிரப்பும், மதிப்பையும் மீட்டுத் தரும். மனத்தில் உள்ள வழக்கை அது தீர்த்துவைக்காது. தண்டனை பெற்றவருக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் இன்றைய சிறைகளும், அவருடைய குறை என்ன என்று கேட்கும் காதையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்பதே ஹோப்டவுன் தரும் பாடம்.