குடும்ப முற்றம்: மெல்ல இடும் பந்து



திருப்பூரில் நாம் நன்கறிந்த பங்கு ஒன்றில், ஆலயத்தின் பின்புறமுள்ள சிமெண்டுத் தளத்தில், சென்ற ஆண்டு இளைஞர்கள் 'பிக்கிள்பால்' என்னும் பந்தாட்டத்தைத் தொடங்கினர். இறகுப்பந்துக்கென முன்பே அங்கு வரைந்திருந்த 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட கட்டம் இதற்கும் அப்படியே பொருந்திற்று. வலையைத் தாழ்த்திக் கட்டி, உட்கோடுகளை மாற்றினால் போதுமாயிருந்தது. ஞாயிறு மாலைகளில் தாய் தந்தையரும் பிள்ளைகளும் ஒன்றாக மட்டை ஏந்தினர். வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட் உழைத்து, பிள்ளைகள் உறங்கிய பின் வீடு திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளருக்கு அந்த ஒரு மணி நேரம் எத்தகைய பேறு என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

மூன்றே மாதங்களில் கூட்டம் கலைந்தது. வாலிபர்கள் வந்த பந்தையெல்லாம் ஓங்கி அடித்தனர். ஓர் அம்மையாரின் கண்ணருகே பந்து பட்டு வீங்கிற்று. அடுத்த ஞாயிறு பெண்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு சிறுவர்களும் வரவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. விளையாட்டு முற்றத்தைத் தம் கல்விப் பணியின் நடுவில் வைத்த புனித தொன் போஸ்கோவை ஒருவர் நினைவூட்டியதால் முடிவு தள்ளிப்போடப்பட்டது.

இந்த ஆட்டம் எதற்காகத் தோன்றியது என்பதை அவ்வாலிபர்கள் அறிந்திருக்கவில்லை. 1965ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் சலித்துக் கிடந்த பிள்ளைகளுக்காக ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் கைக்குக் கிடைத்த மட்டைகளையும் ஓட்டைகளுள்ள பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு இதனை உருவாக்கினர். பார்னி மெக்காலம் பின்னர் அவர்களோடு சேர்ந்தார். பெரியவரும் சிறியவரும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதே நோக்கம். ஆதலால்தான் வலையின் இருபுறமும் 7 அடி அகலத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனுள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடித்தல் கூடாது. இப்பகுதிக்கு 'கிச்சன்' என்றே பெயர்! ஆடவர்கள் சமையலறையில் அடக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டிய ஆட்டம் இது ஒன்றுதான் போலும்.

எதிரணியின் இந்த 7 அடிக்குள் பந்தை மெல்ல விழச் செய்வதே 'டிங்க்' எனப்படும் அடி. அங்கே தாழ விழுந்த பந்தை எதிராளி கீழிருந்து மேலாகத்தான் எடுக்க இயலும்; ஓங்கி அடித்தால் வலையில் முட்டும், அல்லது எல்லைக்கு வெளியே போகும். ஐம்பது வயதினரும் பதினெட்டு வயதினரும் சமமாக நிற்கக்கூடிய இடம் அதுவே.

இதைப் பயிற்றுவிக்க முன்வந்தவர் அப்பங்கின் பழைய பூப்பந்து ஆட்டக்காரர் ஒருவர். கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூப்பந்து நம் மண்ணின் ஆட்டம். 1856ஆம் ஆண்டளவில் தஞ்சை அரச குடும்பத்தினர் ஆடத் தொடங்கியது என்பர். (தொன் போஸ்கோவின் சபையினர் 1906இல் இந்தியாவில் முதன்முதல் பணி தொடங்கியதும் அதே தஞ்சையில்தான்.) அணிக்கு ஐவர், 27 முதல் 30 கிராம் எடையுள்ள கம்பளி நூற்பந்து, அது தரையைத் தொட்டால் புள்ளி போயிற்று. முன்வரிசையில் நிற்கும் இருவரும் கை வலிமையால் வெல்வதில்லை. எதிரணியின் ஆள் இல்லாத இடம் பார்த்து, வலையை ஒட்டிப் பந்தை இறக்கி வைப்பர். பிக்கிள்பாலின் பந்தும் ஏறக்குறைய 25 கிராம்தான். "பந்துதான் வேறு, கை ஒன்றுதான்" என்றார் அப்பெரியவர்.

அவர் சொல்லித்தந்ததை இல்லங்களில் முயன்று பார்க்க விரும்புவோருக்காக எழுதுகிறோம். மட்டையைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் தளர்வாகப் பிடித்தல் வேண்டும். இறுக்கிப் பிடித்த மட்டையிலிருந்து பந்து துள்ளி ஓடும். முழங்கால்களை மடக்கித் தாழ நிற்க வேண்டும். மட்டையைப் பின்னுக்கு இழுத்து ஓங்குதல் ஆகாது. மணிக்கட்டை வீசாமல், தோளிலிருந்து கையை மெல்ல முன்னே தள்ளி, உடலுக்கு முன்னாலேயே பந்தைச் சந்திக்க வேண்டும். பந்து தன் உச்சியை வலைக்கு இப்பாலே அடைந்து, வலையைத் தாண்டும்போது இறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் ஓயாமல் கூறிய பாடம். உச்சி வலைக்கு அப்பால் போயிற்றானால், எதிராளிக்கு நாமே ஓங்கி அடிக்க வாய்ப்பளித்தவர்களாவோம்.

முதல் வாரம் வலையே இல்லை; கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் நின்று இருவர் பந்தை மாற்றி மாற்றி இட்டனர். பின்னர் கம்பெனியிலிருந்து கொணர்ந்த வேஸ்ட் துணிகளைக் கட்டத்தின் மூலைகளில் விரித்து, அவற்றின்மேல் விழச் செய்யச் சொன்னார். நேராக இடுவதைவிட மூலைக்கு மூலை இடுவதை முதலில் பழகச் செய்தார். வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். குறுக்காகச் செல்லும் பந்து தாழ்ந்த இடத்தைக் கடக்கிறது. நேராக இட்டால் இரு பக்கத்துக் கிச்சனும் சேர்ந்து 14 அடி நீளமே. மூலைக்கு மூலை ஏறத்தாழ 24 அடி. தவறுவதற்கு அவ்வளவு கூடுதல் இடம் இருக்கிறது. பின்கோட்டிலிருந்து மெல்ல இறக்கும் பந்து யாவற்றினும் கடினமானது. ஆதலால் 7 அடிக் கோட்டிலிருந்து ஓரோர் அடியாகப் பின்வாங்கியே அதைப் பழகினர்.

இரண்டே வாரங்களில் யாவரையும் விஞ்சியவர்கள் ஓவர்லாக் தைக்கும் பெண்கள்! நாமும் முதலில் வியந்தோம். பிறகு ஒருவர் விளக்கினார்: பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், இழுத்துத் தைத்த கழுத்துப்பட்டி அலை அலையாக நிற்கும், செக்கிங்கில் திரும்பி வரும். ஆகவே துணியை இழுக்காமல் விரல்நுனியால் வழிகாட்ட மட்டுமே அவர்கள் கை பழகியிருக்கிறது. வாலிபர்களுக்கோ இரண்டு மாதங்கள் ஆயின. அவர்களுள் மிகுந்த பலசாலி, "ஓங்கி அடிக்காமல் இருப்பதுதான் கை வலிக்கிறது" என்று நம்மிடம் முறையிட்டார்.

ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து சேர்ந்தது. ஓட்டைப் பந்து அக்காற்றில் எங்கெங்கோ பறந்தது. காற்று தணிந்திருக்கும் காலை வேளைக்கு, முதல் திருப்பலி முடிந்த பின், ஆட்டத்தை மாற்றிக்கொண்டனர். அப்போதும் காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தார் சற்றுக் கூடுதலாகத் தள்ளவும், மறுபக்கத்தார் இன்னும் தாழ இடவும் கற்றுக்கொண்டனர்.

கண்ணருகே அடிபட்ட அம்மையார் நெடுநாள் வரவில்லை. சென்ற மாதம் மகனுடன் வந்தார். இருவரும் மூலைக்கு மூலை நின்று மெல்ல இட்டு எண்ணத் தொடங்கினர். காப்பிக் குவளையோடு சிலர் சூழ்ந்து நின்று உடன் எண்ணினர். ஐம்பத்திரண்டு வரை போயிற்று. ஐம்பத்து மூன்றாவதை மகன் ஓங்கி அடித்துவிட்டான். மதிலுக்கு அப்பால் போன பந்தை எடுக்க, தாய் சிரித்துக்கொண்டே அவனை அனுப்பினார்.