எழுவாயை எங்கே ஒளித்தீர்கள்?

"முழு வாக்கியத்தில் பதில் சொல்" என்ற அதட்டலைக் கேட்காத பிள்ளை நம் சேரியில் உண்டா? தமிழ்நாட்டின் தலைநகர் எது என்கிறார் ஆசிரியர். பிள்ளை "சென்னை" என்கிறது. விடை சரி. ஆனாலும் உட்கார முடியாது. "தமிழ்நாட்டின் தலைநகர் சென்னை ஆகும்" என்று ஒப்பித்தால்தான் விடுவார். அந்த "ஆகும்" எந்தத் தெருவில் புழங்குகிறது? கேட்டவரின் சொற்களையே அவரிடம் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் மொழிப் பயிற்சியாம்! நாம் இதைப் பணிவுப் பயிற்சி என்கிறோம்.

அப்படியானால் முழு வாக்கியமே வேண்டாம் என்கிறோமா? இல்லை தோழர்களே. பள்ளிக்கூடத்தைவிடக் கறாராக நாம் அதைக் கேட்கிறோம்.

"விஷவாயு தாக்கி இருவர் பலி." எத்தனை முறை படித்திருப்போம்! இலக்கணத்தில் குறையில்லை. தாக்கியது விஷவாயு. குழிக்குள் இறக்கியது யார்? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, உரிய பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ இறக்குவதையே தடுக்கிறது. இறக்கியதுதான் குற்றம். தலைப்பில் அந்த வினையும் இல்லை, அதைச் செய்தவரும் இல்லை.

காவல் நிலையத்திலும் இதே இலக்கணம்தான். "டீக்கடை முன்னால நாலு பேர் பார்க்க சாதியைச் சொல்லித் திட்டினான்" என்று நம் அக்கா சொல்வார். "இரு தரப்பினரிடையே வாய்த்தகராறு ஏற்பட்டது" என்று ஏட்டில் ஏறும். யாரும் திட்டவில்லை, தகராறு தானாக ஏற்பட்டுவிட்டது! வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியதாக வழக்கு நிற்க வேண்டுமானால், யார் சொன்னார், என்ன சொன்னார், பொதுப் பார்வைக்கு உட்பட்ட எந்த இடத்தில் சொன்னார் என்பதெல்லாம் புகாரில் இருக்க வேண்டும். 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், சம்பவம் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்தது, வெளியார் இல்லை என்று சொல்லித்தான் அந்தக் குற்றச்சாட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அக்காவின் பேச்சில் எல்லாம் இருந்தது. அதைக் கொச்சை என்பார்கள். எழுதியவர் திருத்தமான தமிழில் அனைத்தையும் துடைத்துவிட்டார்.

அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவை மாணவத் தோழர்கள் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். வாய்மொழிப் புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும். நகலையும் இலவசமாக உடனே தர வேண்டும். படிக்கும்போது, "சார், இதுல திட்டினது யாருன்னே இல்லையே" என்று கேட்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அக்கா பக்கத்தில் நிற்கட்டும்.

மாலைப் படிப்பகம் நடத்தும் தோழர்கள் "ஆகும்" போடாததற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். "அடிச்சான்" என்று எழுதினால் "அடித்தான்" என்று திருத்துவதில் பொழுதைக் கழிக்காமல், யார் அடித்தது என்று கேளுங்கள். இந்த வாரம் நாளிதழிலிருந்து ஐந்து தலைப்புகளை வெட்டிக் கொடுங்கள். "தாக்கப்பட்டார்", "மறுக்கப்பட்டது", "எரிக்கப்பட்டன" என்பவற்றைப் பிள்ளைகள் வட்டமிடட்டும். செய்தியின் உள்ளே தேடி, செய்தவரை வாக்கியத்தின் முதல் சொல்லாகப் போட்டு மறுபடி எழுதட்டும். செய்தியிலேயே ஆள் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் காலியாக விடட்டும்.

அந்தத் தாள்களை அப்படியே அந்தப் பத்திரிகைகளுக்கு அனுப்புவோம்.